மழலையர் படநூல்களும் ஏவல் தொடர் கற்பித்தலும்

திறவுச்சொற்கள்: ஏவல் வினைமுற்று, விழைவுத் தொடர், எதிர்மறை ஏவல், மரியாதைப் பன்மை, படநூல்

முன்னுரை

பள்ளியில் சேரும் குழந்தை வகுப்பறையில் மிகுதியாகக் கேட்பவை ஏவல் தொடர்களே. 'உட்கார்', 'எழுது', 'பேசாதே' என்பவற்றைக் கேட்டு நடக்கும் குழந்தைக்கு, அவற்றைத் தானே பிறரிடம் கூறும் வாய்ப்பு அங்கே அரிது. ஏவலைக் கேட்டுப் பொருளுணர்தல் வேறு. இடமறிந்து ஏவல் தொடரை ஆளுதல் வேறு. இலக்கணநூல்கள் ஏவல், வேண்டுதல், வாழ்த்துதல், வைதல் ஆகியவற்றை விழைவுத் தொடரின்கண் அடக்குகின்றன. இவற்றுள் ஏவலை ஆளும் திறனை ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளிடம் வளர்ப்பதில் படநூலுக்குள்ள இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

வடிவ எளிமையும் அதன் சிக்கலும்

தமிழில் ஏவல் ஒருமை வினைப்பகுதியின் வடிவிலேயே நிற்கும். நன்னூல் பதவியலில் வினைப்பகாப்பதங்கள் 23 ஈறுகளில் ஏவல் வடிவாகவே எடுத்துக்காட்டப்படுதல் இதற்குச் சான்று. ஆகவே வடிவத்தைக் கற்பது எளிது எனத் தோன்றும். ஆயின் வீட்டில் 'சொல்லு', 'நில்லு', 'கேளு' எனப் பேசிப் பழகிய குழந்தை, நூலில் 'சொல்', 'நில்', 'கேள்' என்பவற்றை வேறு சொற்களாகவே முதலில் எதிர்கொள்கிறது. மேலும், பகுதி வடிவில் நிற்பதாலேயே ஏவல் பெயரோடு மயங்கவும் செய்யும். அரிச்சுவடியில் 'ஆ' என்னும் எழுத்துக்கு எதிரே வரையப்படும் 'ஆடு' விலங்கின் பெயர்; அதே சொல் ஆடும்படி ஏவும் வினையுமாகும். 'ஓடு', 'படி', 'கட்டு' என்பனவும் இத்தகையன. பொருட்பெயரை மட்டும் காட்டும் தனிப்படம் இம்மயக்கத்தை நீக்காது. கூரை ஓட்டை ஒரு பக்கத்திலும், மழைக்கு அஞ்சி நிற்கும் தம்பியை நோக்கி அக்கா 'ஓடு' எனக் கூவுவதை மறுபக்கத்திலும் காட்டும் படநூல், இலக்கணக் கலைச்சொல் ஒன்றுமின்றியே பெயரையும் வினையையும் பிரித்துணர்த்திவிடும்.

ஏவுவோரும் ஏவப்படுவோரும்

தமிழ் ஏவலில் உண்மையான கடினம் யார் யாரை ஏவுகிறார் என்பதிலேயே உள்ளது. 'வா', 'வாருங்கள்' என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே பேச வேண்டும். பாட்டியிடம் 'வாங்க' என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்கு இவ்வேறுபாடு புதிதன்று. அதன் எழுத்து வடிவமே புதிது. அறநூல் ஏவல்களில் கேட்போர் உருவம் தெரிவதில்லை. ஆத்திசூடி அறிவுரைகள் பொதுவில் எல்லார்க்கும் கூறப்படுவனவாதலால் மரியாதை வேறுபாட்டுக்கு அங்கே இடமில்லை. படநூலிலோ கேட்போர் கண்முன் நிற்கிறார். ஒரே கதவருகே ஒரு முறை நாய்க்குட்டியும், ஒரு முறை தாத்தாவும் நிற்க, இரு பக்கங்களிலும் பேசுமிடம் வெறுமையாக விடப்பட்டிருப்பின், 'உள்ளே வா', 'உள்ளே வாருங்கள்' என்பவற்றைக் குழந்தையே இட்டு நிரப்பும். மொழிபெயர்ப்பிலும் இச்சிக்கல் எழும். எர்வே துல்லேயின் பிரெஞ்சுப் படநூல் (2010) வண்ணப் புள்ளிகளை அழுத்துமாறும், நூலைக் குலுக்குமாறும், கைதட்டுமாறும் வாசிப்பவரையே ஏவுவது. இத்தகைய நூலைத் தமிழாக்குவோர் 'அழுத்து' என்பதா 'அழுத்துங்கள்' என்பதா என முதற்பக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். குழந்தையோடு நெருங்கி விளையாடும் நூலுக்கு ஒருமையே பொருந்தும் எனக் கருதலாம்.

எதிர்மறை ஏவலும் படமும்

படநூல் எளிதில் வழுவும் இடம் இதுவே. படத்துக்கு எதிர்மறை இல்லை. கொதிக்கும் பானையைக் கை தொடுவதாக வரைந்து 'தொடாதே' என எழுதினால், படம் 'தொடு' என்றே சொல்லும். அதன்மேல் சிவப்புக் கோடு இடுதல் பெரியோர் உடன்பாட்டுக் குறி. அதையும் தனியே கற்பிக்க வேண்டியிருக்கும். செயலுக்கு முந்திய கணத்தை வரைதலே தக்கது: ஆவி எழும் பானை, நீளும் கை, பதறித் திரும்பும் அம்மா. ஏவலின் காரணம் அப்போது படத்திலேயே அமைந்துவிடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் மோ வில்லெம்சின் புறாப் படநூல் (2003) இதனை வேறு வகையில் எதிர்கொள்கிறது. பேருந்தைப் புறா ஓட்ட விடக்கூடாது என ஓட்டுநர் வாசகரிடம் கூறிச் செல்ல, புறாவின் கெஞ்சலுக்கெல்லாம் மறுப்புக் கூறும் பொறுப்பு குழந்தையுடையதாகிறது. கீழ்ப்படிந்த குழந்தை இங்கே தடுக்கும் நிலைக்கு உயர்கிறது.

வகுப்பறையில்

ஏவலைக் கேட்டு உடலால் செயற்படுவதன்வழி மொழி கற்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வளர்த்தெடுத்தார். கற்போரே பின்னர் ஏவுவோராக மாறுவதும் அம்முறையின் ஒரு கூறு. தமிழ் வகுப்பில் அதன் முற்பகுதி தானாகவே நிகழ்ந்துவிடுகிறது, பிற்பகுதிதான் நிகழ்வதில்லை. படநூலின் ஒரு பக்கத்தை ஆசிரியர் படித்து முடித்ததும், நூலைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடலாம். படத்தைப் பார்த்துக் குழந்தை ஆசிரியரிடம் 'எழுந்து நில்லுங்கள்' என்றால் ஆசிரியர் எழ வேண்டும்; 'நில்' என்றாலோ திருத்தாமல், படத்திலுள்ள தாத்தாவைச் சுட்டிக்காட்டிக் காத்திருந்தால் போதும்.