பட்டுப்புடவையும் படிவம் 4473-ம்

கேள்வி: அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் நம் ஊர் ஜவுளிக்கடை மாதிரி வாடிக்கையாளரைத் தாங்குவார்களாமே, உண்மையா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: கடைக்குக் கடை மாறும். நல்ல கடையில், தோட்டா இல்லை என்று திறந்து காட்டிவிட்டுத்தான் துப்பாக்கியைக் கையில் கொடுப்பார்கள். அங்கே அதுதான் முதல் மரியாதை. பிடித்துப்போனால் 4473 என்ற படிவம், பிறகு 1998 முதல் நடப்பில் உள்ள தேசியப் பின்னணிச் சோதனை. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். முகூர்த்தப் பட்டு எடுக்க நமக்கு இதைவிட நேரமாகிறது!

ஆனால் சோதனையில் தேறியவருக்கும் கடைக்காரர் விற்க மறுக்கலாம். நியூ ஹாம்ப்ஷயரில் 2009-ல், ஒரு வாரத்துக்குள் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் தற்கொலை செய்துகொண்டார்கள். கடைக்காரர் ஆடிப்போய்விட்டார். பொதுச் சுகாதாரத் துறையினரும் துப்பாக்கி விற்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, கடை ஊழியர்களுக்கு ஒரு வழிகாட்டி தயாரித்தார்கள். துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாமல், தெரிந்துகொள்ளவும் விரும்பாமல், துடைத்துப் பராமரிப்பது எப்படி என்றுகூடக் கேட்காமல், கலங்கிய முகத்தோடு அவசரப்படுகிறாரா? விற்காதே. பிறகு வேறு பல மாநிலங்களும் இதை எடுத்துக்கொண்டன.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் அந்த விற்பனையாளருக்குத்தான் நான் முழு மதிப்பெண் போடுவேன்.