குதிச் சப்பாத்தின் ‘டக் டக்’ அடங்க: கீரிமலைக் கரைக்கு ஏற்ற 12 குறிப்புகள்

குதிரை முகத்தோடு பிறந்த மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி அந்த முகம் நீங்கப் பெற்றாள் என்பது ஊர்க்கதை. இப்போது கல்யாண மண்டபத்து மாபிள் தரையில் குதிச் சப்பாத்தோடு நாலு பேர் சேர்ந்து நடந்தால், முகம் போனாலும் குளம்பு போகவில்லையோ என்று நினைக்கத் தோன்றும்.

சத்தம் கேட்ட உடனே எதையாவது ஒட்டி மறைக்கப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் குதி தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அறிவிப்பு. உப்புக்காற்றும் மணலும் சுண்ணாம்புக்கல்லும் உள்ள கரையோர ஊரில் இந்த அறிவிப்பு கொஞ்சம் முந்தியே வரும்.

1. முதலில் காதைக் கொடுங்கள். சப்பாத்தைக் கையில் பிடித்து, சீமெந்துத் தரையில் குதியை மெல்லத் தட்டுங்கள். ‘ணங்’ என்றால் உள்ளிருக்கும் ஆணி தரையைத் தொடுகிறது. ‘டக்’ என்றால் குதிக்கட்டை கடினமான பிளாஸ்ரிக். ‘கடகட’ என்றால் கட்டை ஆடுகிறது. தட்டும்போது ஒன்றுமில்லை, போட்டு நடந்தால்தான் ‘கிறீச்’ என்கிறது என்றால் குற்றம் உள் அட்டையில்.

2. கட்டையை நேரத்துக்கு மாற்றுங்கள். குதியின் நுனியில் இருக்கும் சின்னக் கட்டையின் ஆணி, ஒல்லிக் குதிகளில் நடுவே உள்ள உருக்குக் குழாய்க்குள் இறங்கியிருக்கும். கட்டை ஒரு ரூபாய்க் குத்தியின் தடிப்புக்குத் தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். அதற்கு மேலும் நடந்தால் குதியின் அடியே தேய்ந்து சரியும். பிறகு புதுக்கட்டையும் நேராக உட்காராது.

3. தரையையும் நினையுங்கள். 50 கிலோ எடையுள்ளவர் தன் பாரத்தில் பாதியை 1 சதுர சென்ரிமீற்றர் குதியில் ஊன்றினால் அந்த இடத்தில் 25 கிலோ அழுத்தம். கார் ரயருக்குள் அடிக்கும் காற்றின் அழுத்தமோ அதே அளவு இடத்தில் ஏறக்குறைய 2 கிலோதான். பழைய கல் அரங்குகளைக் காப்பாற்ற 2009இல் கிரீஸ் நாடு அங்கே குதிச் சப்பாத்துக்குத் தடை போட்டது இதனால்தான். ஆணி வெளியே தெரியும் குதி உங்கள் வீட்டு மாபிளிலும் கீறல் போடும்.

4. கட்டை மாற்றும் முறை. குறட்டால் பழைய கட்டையைப் பிடித்து நேராக இழுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் குழாய் தளரும். ஆணியின் பருமன் சப்பாத்துக்குச் சப்பாத்து வேறுபடுவதால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். புதியதைச் செருகி, மேலே துணி போட்டுச் சுத்தியலால் தட்டுங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் நடை கோணும்.

5. சைக்கிள் ரியூப் வைத்தியம். கட்டை நல்ல நிலையில் இருந்தும் சத்தம் போட்டால், சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட ரியூப்பில் ஒரு துண்டு கேளுங்கள். குதியை அதன்மேல் வைத்துப் பேனையால் கோடு போட்டு, ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வெட்டுங்கள். துண்டின் இரண்டு பக்கத்தையும் குதியின் அடியையும் உப்புத்தாளால் தேய்த்து, சப்பாத்துக்கு ஒட்டும் மஞ்சள் பசையைத் துண்டின் ஒரு பக்கத்திலும் குதியின் அடியிலும் பூசுங்கள். பத்து நிமிடம் காயவிட்டு, பசை விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்தி ஒட்டுங்கள். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும்.

6. சுப்பர் குளூ வேண்டாம். அது காய்ந்ததும் கண்ணாடிபோல் விறைத்துவிடும். அடிமேல் அடி விழும் இடத்தில் வெடித்துக் கழன்றுபோகும். கம்பளித் துணி ஒட்டினால் சத்தம் நன்றாக அடங்கும், ஆனால் அது வீட்டுக்குள் போடும் சப்பாத்துக்கு மட்டும். மழையில் ஒருதரம் நனைந்தால் பிய்ந்து வரும்.

7. வழுக்குகிறதா என்று பாருங்கள். ரியூப்பின் வழுவழுப்பான பக்கம் ஈர மாபிளில் வழுக்கும். சொரசொரப்பாக்கிய பக்கமே தரையைத் தொட வேண்டும். கீரிமலைக் கேணிப் படிகளில் எந்த வைத்தியமும் உதவாது. பாசி பிடித்த படியில் குதிச் சப்பாத்தோடு கால் வைக்கவே வேண்டாம்.

8. உள்ளே கிறீச்சிட்டால் பவுடர். உள் அட்டையைத் தூக்கக் கூடியதாக இருந்தால் அடியில் முகப்பவுடர் கொஞ்சம் தூவுங்கள். இரண்டு தளமும் உரசுவதால் வரும் சத்தம் இதில் அடங்கும். குதிக்கால் கழன்று கழன்று அடித்தால் சப்பாத்து பெரிது என்று அர்த்தம். பின்பக்க உட்புறத்தில் மெத்தைத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

9. உப்பைத் துடையுங்கள். கீரிமலைக் கேணியில் ஊறுவது சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே வரும் நன்னீர். சில அடி தள்ளிக் கடல். அந்தப் பக்கத்துக் காற்று கொண்டுவரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆணி துருப்பிடித்துப் பருத்து, குதியின் பிளாஸ்ரிக்கையே பிளக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் குதியைத் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். வாருக் கொளுவிக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி போதும். ஆணித் துளையில் எண்ணெய் பட்டால் கட்டை பிடிக்காது.

10. கோயிலுக்குப் போகும் நாளில் பாட்டா. கீரிமலை நகுலேஸ்வரம் கோயிலில் வாசலிலேயே கழற்றத்தான் போகிறோம். வெளியே வெயிலில் மணிக்கணக்காகக் கிடந்தால் ஒட்டுப்பசை இளகி அடித்தோல் வாய் பிளக்கும். ஆடி அமாவாசைச் சனத்துக்குள் மிதிபடவும் செய்யும். பாட்டாவைப் போட்டுக்கொண்டு, பிறகு கல்யாணத்துக்குப் போவதானால் குதிச் சப்பாத்தைத் துணிப்பையில் கொண்டுபோய் மண்டபத்து வாசலில் மாற்றுங்கள். கல்லும் மணலும் பாதையிலேயே நின்றுவிடும்.

11. மாரியில் பெட்டிக்குள் பூட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சப்பாத்துக்குள் பழைய உதயன், வலம்புரி பேப்பரைக் கசக்கித் திணியுங்கள், ஈரமானதும் மாற்றுங்கள். உள்தோல் வெளிர் நிறமென்றால் மை பிடிக்கும். வெள்ளைத் தாள் நல்லது. பொலித்தீனில் கட்டி வைத்தால் பொலியூரத்தேன் கட்டையும் அடியும் உள்ளே அடைபட்ட ஈரத்தில் சிதைந்து, ஒருதரம்கூடப் போடாத சப்பாத்தே மாவாக உதிரும். காற்றுப் போகும் பனையோலைப் பெட்டி இதற்கு மிகத் தோது.

12. கைவைக்கக் கூடாத இடம். முழுக் குதியும் ஆடினால், அல்லது நடுப்பாதம் வளைந்து ‘கறக்’ என்றால், உள்ளே இருக்கும் உருக்குத் தகடோ குதியைப் பிடித்திருக்கும் ஆணியோ விட்டிருக்கிறது. அது சப்பாத்து தைப்பவரின் வேலை. அதுவரை போடாதீர்கள், கால் பிரண்டால் செலவு சப்பாத்தோடு நிற்காது.

வாங்கும்போதே இரண்டு காரியம் செய்யலாம். கடை மாபிளில் நாலடி நடந்து காதால் சோதியுங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். கீழ் வீட்டார் வாழ்த்துவார்கள். அடுத்தது, பல சப்பாத்துப் பெட்டிகளுக்குள் ஒரு குட்டிப் பையில் உபரிக் கட்டைகள் இரண்டு இருக்கும். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ சித்தி கொண்டுவந்த சப்பாத்தானால் அந்தப் பையை எறிந்துவிடாதீர்கள். அந்த ஆணி அளவுக்குக் கட்டை தேடி யாழ்ப்பாணக் கடைகள் எல்லாம் ஏறி இறங்குவதைவிட, அதை அலுமாரியில் பத்திரமாக வைத்திருப்பது சுலபம்.