வீலைக் கழுவும் முன்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு:

1. வண்டி உள்ளே நுழைந்ததும் தண்ணீர்க் குழாயைத் தூக்காதீர்கள். நாலு வீலையும் சுற்றிப் பாருங்கள். கழுவிவிட்டால் பிரேக் தூசி விட்ட தடயம் போய்விடும்.

2. முன் வீல் தூசியால் கறுத்து, பின் வீல் வெளுத்திருந்தால் அது இயல்பு. பிரேக் அடிக்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது. பெரும்பாடு முன் பிரேக்குக்குத்தான். சின்னக் கார்களில் பெரும்பாலும் பின்னால் டிரம் என்பதால் தூசி உள்ளேயே தங்கிவிடும்.

3. இடது வீலையும் வலது வீலையும்தான் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். காலிப்பர் பிஸ்டன் துருவேறியிருக்கும், ஸ்லைடு பின் இறுகியிருக்கும்; ஹோஸ் உள்ளுக்குள் அடைத்து ஆயில் திரும்பாமல் நிற்பதும் உண்டு. ஆனால் உடனே அந்தப் பக்கத்தைக் கழற்றிவிடாதீர்கள். பளிச்சென்று இருக்கும் வீலில் பிரேக்கே பிடிக்காமல், அதன் வேலையையும் இது சுமந்துகொண்டிருக்கலாம். நான் அதிகம் பயப்படுவது அந்தச் சுத்தமான வீலைப் பார்த்துத்தான்.

4. இரண்டில் எது என்று ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். காலி ரோட்டில் பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் போய், வேகம் தானாகக் குறைந்ததும் நிறுத்துங்கள். வீலுக்குப் பக்கத்தில் புறங்கையைக் காட்டுங்கள். டிஸ்க்கைத் தொடவே கூடாது. கறுத்த பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடவில்லை. அனல் இல்லாமல், பிரேக் மிதிக்கும்போது மட்டும் வண்டி கறுத்த பக்கம் இழுத்தால், எதிர்ப்பக்கக் காலிப்பரைப் பாருங்கள்.

5. ஓனரிடம் கேளுங்கள்: ஒரு பக்கம் மட்டும் பேட் மாற்றினார்களா? இரண்டு பக்கமும் வேறு வேறு பேட் இருந்தால் தூசியும் வேறாகத்தான் விழும். பேட் மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள்.

6. கழற்றியதும் உள் பேட்டையும் வெளிப் பேட்டையும் அருகருகே வையுங்கள். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் உள்ள காலிப்பரில் உள் பேட் 3 மி.மீ., வெளிப் பேட் 8 மி.மீ. என்று நின்றால், பெரும்பாலும் ஸ்லைடு பின் நகரவில்லை. துருவை எடுத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் போடுங்கள். சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் பூட் ஊதிவிடும்.

7. தூசி ஈரமாகப் பிசுபிசுத்தால் பிரேக் ஆயில் கசிவாகவோ, ஆக்ஸில் பூட் கிழிந்து தெறித்த கிரீஸாகவோ இருக்கலாம். எதுவென்று தெரியாமல் வண்டியை வெளியே விடாதீர்கள்.

8. தூசியை ஏர் பிடித்து ஊதாதீர்கள். அதில் இருப்பது இரும்புத் தூளும் பேட்டின் பொடியும். பழைய பேட்டென்றால் அஸ்பெஸ்டாஸ்கூட இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து நனைத்துத் துடையுங்கள். ஓனர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் மாஸ்க் போடாமல் வீல் பக்கம் குனியாதீர்கள்.