சூழொலி

திருவரங்கத் திருவீதிகளில் நம்பெருமாள் எழுந்தருளுங்கால் திவ்வியப் பிரபந்தம் ஓதுவோர் முன்னும், வேதம் ஓதுவோர் பின்னும் செல்வர். இடையே நிற்பவன் கண்ணை மூடினும், முன்னொலி இது, பின்னொலி இது எனத் தெளிவான். இடம் வலம் அறிய, ஒலி இரு செவிகளையும் சேரும் கால வேறுபாடு உதவும். அது நொடியில் ஆயிரத்திலொரு கூற்றினும் சிறிது. முன் பின் அறியச் செவிமடலின் மடிப்புகளும் தலையசைவும் துணையாம்.

இல்லத்தில் திரையரங்கு அமைப்போர் சிலர் இதனை எண்ணாது, ஐந்து ஒலிபெருக்கிகளையும் திரையருகே அடுக்கிவிடுகின்றனர். பொருள் செலவாயிற்று, பயன் யாது? உரையாடல் திரைப்பக்கத்தினின்று வருதல் முறையே. மழையும் காற்றும் கூட்டத்தின் ஆரவாரமும் அன்றோ கேட்போரைச் சூழ்தல் வேண்டும்? ஆதலின் சூழொலிக்குரிய இரண்டனையும் அமர்வோரின் இருபுறமும் சற்றுப் பின்தள்ளி, திரை நடுவினின்று 100 முதல் 120 பாகை அளவில், செவிமட்டத்திலோ சிறிது மேலோ நிறுத்துவர்.

திருச்சிராப்பள்ளியின் ஒடுங்கிய வீடுகளில் இருபுறமும் ஒத்த இடைவெளி வாய்த்தல் அரிது. ஒன்று ஓரடி நெருங்கின் அதன் ஒலி ஏறக்குறைய ஆயிரத்திலொரு நொடி முந்தும். முந்திய திசையையே செவி பற்றிக்கொள்ளும். மழை ஒரு சுவர்ப்பக்கம் மட்டுமே பெய்யும்! இரண்டன் தொலைவையும் அளந்து ஒலிக்கருவியில் பதித்துவிட்டால், அண்மையிலுள்ளதன் ஒலியை அக்கருவி அவ்வளவு காலந்தாழ்த்தி விடுக்கும்.