மயிலும் நம் விளைநிலமும்

சங்கக் கூட்டங்களுக்குச் செல்லுமிடங்களில் அங்கத்தினர்கள் அண்மைக் காலமாக நம்மிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். தோட்டத்திற்கு வரும் மயில்களை இரையிட்டு அங்கேயே வளர்த்துக்கொள்ளலாமா என்பது ஒன்று. விதைத்த கடலையை அவை கிளறித் தின்றுவிடுகின்றனவே, என் செய்வது என்பது மற்றொன்று. முன்னதைக் கேட்போர் சிலர். பின்னதைக் கேட்போர் பலர். இரண்டிற்கும் விடை ஒரே இடத்தில் தொடங்குவதால், அவற்றைச் சேர்த்தே இப்பாடத்தில் ஆராய்வோம்.

சட்டம் கூறுவது

மயில் 1963-ஆம் ஆண்டில் நம் நாட்டின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இடம் பெற்றுள்ளது. 2022-இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரும் அதன் இடம் மாறவில்லை. இச்சட்டத்தில் ‘வேட்டை’ என்னும் சொல் கொல்லுதலை மட்டும் குறிப்பதன்று. பிடித்தல், கண்ணி வைத்தல், நஞ்சிடுதல், முட்டையைச் சிதைத்தல், கூட்டைக் கலைத்தல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

ஆகவே வரப்போரத்தில் கண்ட மயில் முட்டைகளை எடுத்து வந்து அடைக்கோழியின் கீழ் வைத்துப் பொரிக்கச் செய்வதும் குற்றமே. அன்பினால் செய்தோம் என்பது விடையாகாது. இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் பண்ணைகளில் மயில்கள் கட்டின்றித் திரிய விடப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் அங்கே அது காட்டுப் பறவையன்று. தலைமுறை தலைமுறையாக மனிதர் வளர்த்து வந்த பறவை. புதிதாக வாங்கியவற்றைச் சில வாரங்கள் கூண்டில் அடைத்து, இடம் பழகிய பின்னரே திறந்து விடுகின்றனர். கோழிகளிடமிருந்து நோய் தொற்றும் என்பதால் தனி நிலத்தில் வைக்கின்றனர். அம்முறை நமக்குப் பொருந்தாது. திறந்த வெளியில் மேயும் பறவை வேண்டுவோர் வான்கோழியையோ கின்னிக் கோழியையோ வளர்க்கலாம், அதற்குத் தடையில்லை.

தானாக உதிர்ந்த தோகையைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். பறவையைப் பிடித்துப் பிடுங்குவது குற்றம். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதும் தடுக்கப்பட்டுள்ளது.

பறவையின் இயல்பு

பகைவரை வெல்ல விரும்புவோர் மட்டுமன்றி, அயலாரோடு ஒத்து வாழ விரும்புவோரும் அவர்தம் இயல்பை அறிதல் வேண்டும். மயில் இரவில் உயர்ந்த மரங்களில் தங்கும். காலையிலும் மாலையிலும் தரையில் இரை தேடும். நடுப்பகலில் நிழலை நாடும். தானியம், முளை, பழம், பூச்சி, பல்லி, சிறு பாம்பு யாவும் அதற்கு உணவு. பெண் மயில் புதர் மறைவில் தரையிலேயே நான்கு முதல் எட்டு முட்டைகள் வரை இட்டு, சுமார் 28 நாள் தனித்தே அடைகாக்கும். ஆணுக்கு அதில் பங்கில்லை. குஞ்சுகள் பொரித்தவுடன் தாயின் பின்னே நடந்து மேயத் தொடங்கிவிடும்.

மயில்கள் பெருகியிருப்பது வெறும் பேச்சன்று. 2023-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை நாடெங்கும் அவற்றின் எண்ணிக்கை உயர்ந்துள்ளதைக் காட்டுகிறது. விராலிமலை போன்ற பழைய உறைவிடங்களோடு நில்லாது, இன்று அவை தோட்டங்களிலும் கரிசல் காடுகளிலும் ஊர் எல்லைகளிலும் உலவுகின்றன. சீமைக் கருவேலம் மண்டிய தரிசுகள் அவற்றிற்கு நல்ல மறைவிடமாகின்றன.

இழப்பும் தவறான வழியும்

நிலக்கடலை விதைக்க ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு வேண்டும். விதைத்த மறுநாள் விடியலில் ஒரு மயில் கூட்டம் இறங்கினால், சால் வழியே கிளறிக்கொண்டு போய்விடும். தக்காளியும் மிளகாயும் நெற்கதிரும் தப்புவதில்லை. குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்த பேகன் குறுநில மன்னன். கடன் பெற்று விதை வாங்கிய அங்கத்தினரிடம் அத்தகைய ஈகையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

எனினும் நஞ்சு கலந்த தானியத்தைத் தூவுவது தீர்வன்று. அது மயிலை மட்டும் தேடிக் கொல்வதில்லை. கோழி, புறா, நாய் எதுவாயினும் மாளும். மழை பெய்தால் நஞ்சு கிணற்றையும் சேரும். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதோ மனிதரையே கொல்லும். விளைச்சலை இழந்த குடும்பம் உழைப்பவரையும் சிறைக்கு அனுப்பிவிட்டு எவ்வாறு வாழும்? இதனை ஒவ்வோர் அங்கத்தினரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கூட்டாகச் செய்யத்தக்கவை

ஒன்று: ஒரே தொகுதியிலுள்ள நிலங்களை ஒரே வாரத்தில் விதைத்தல். தனித்து முந்தி விதைத்த நிலமே முழு இழப்பையும் தாங்குகிறது.

இரண்டு: முறைக் காவல். விதைத்த நாள் முதல் முளை வேரூன்றும் வரை சுமார் 15 நாள் காலையும் மாலையும் காவல் அவசியம். பத்து அங்கத்தினர்க்குத் தலா இரண்டு ஏக்கர் அடுத்தடுத்து இருப்பதாகக் கொள்வோம். தனித்தனியே காத்தால் நாள்தோறும் பத்துப் பேர் வேண்டும். இருபது ஏக்கரையும் ஒன்றாகக் கொண்டு நான்கு மூலைக்கு நால்வரை நிறுத்தினால், 15 நாளுக்கு 60 முறைகள். ஒருவர் பங்கு ஆறு. பதினைந்து நாள் உழைப்பு ஆறு நாளில் முடிகின்றது. கூட்டுறவின் பயன் இதுவேயாகும்.

மூன்று: மறைப்பு. பழைய சேலைகளை வயலைச் சுற்றிக் கட்டுவதும், பளபளக்கும் நாடாக்களைக் காற்றில் ஆட விடுவதும் பயனுடையவை. நெசவாளர் வீடுகளில் கிடக்கும் கிழிசலும் துண்டுத் துணியும் இங்கே உதவும். ஒரே இடத்தில் நெடுநாள் இருப்பதற்கு மயில் பழகிவிடுமாதலால், சில நாட்களுக்கொருமுறை இடம் மாற்றுதல் நன்று. மெல்லிய நைலான் வலை கூடாது. அதில் சிக்கிய பறவை இறந்தால் பொறுப்பு நம்முடையதாகும்.

நான்கு: இரையிடாமை. ஒருவர் தம் வாயிலில் அன்றாடம் இறைக்கும் கைப்பிடித் தானியம், அடுத்தவர் வயலுக்கு மயிலை அழைக்கும் ஓலையாகிறது. மருந்து கலந்த விதை வரப்பில் சிந்தினால் உடனே திரட்டி மண்ணில் ஆழப் புதைத்தல் வேண்டும்.

ஐந்து: பதிவேடு. இழப்பு நேர்ந்த நாள், சர்வே எண், பயிர், பரப்பு, விதையின் எடை ஆகியவற்றைச் சங்கத்தில் ஒரு புத்தகத்தில் பதிந்து வருக. ஒருவர் வாய்மொழியாகச் சொல்வது முறையீடு; ஐம்பது பதிவுகளோடு நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றி வனச்சரக அலுவலகத்திற்கு அனுப்புவது சான்று. இறந்த அல்லது காயமுற்ற மயிலைக் கண்டால் தொடாமல், வனத்துறைக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ உடனே தெரிவிக்க.

நெசவாளர் தறியில் மயில்கண் கரையை நெய்து பிழைக்கின்றனர். விவசாயி அதே மயிலால் விதையை இழக்கின்றார். இருவரும் ஒரே சங்கத்தின் அங்கத்தினர்களாகையால், இழப்பை ஒருவர் தலையில் மட்டும் விடாது பகிர்ந்துகொள்வது நம் கடமையாகும்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. சட்டத்தில் ‘வேட்டை’ என்பதில் எவை அடங்கும்?
2. நம் ஊரில் சேர்ந்தாற்போல் விதைக்கக்கூடிய நிலங்கள் எவை? அவற்றிற்குக் காவல் முறை எவ்வாறு அமையும்?
3. இழப்புப் பதிவேட்டை நம் சங்கத்தில் எழுதி வர யார் பொறுப்பேற்பது?