நாற்பதுக்கு மேல் நல்ல பழக்கம்: மீண்டும் தொடங்குவது எப்படி?

பால்மரத்தில் வெட்டிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்துவிடும். ஆனால், கத்தி ஆழமாக இறங்கி மரத்தையே காயப்படுத்திவிட்டால், அவ்விடத்தில் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக இருக்கும். இதனைத் தோட்ட மக்கள் நன்கறிவர். மனித உடலும் அத்தகையதே. துன்பக் காலத்தில் கெட்டுப்போன பழக்கவழக்கங்களைத் திருத்திக்கொள்ள இயலும், ஆயினும் காலந்தாழ்த்தலாகாது.

நாற்பத்தைந்து வயதுத் தொழிலாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மனைவியை இழந்தபின் அவருடைய அன்றாட ஒழுங்கு குலைந்துவிட்டது. பசியாறாமல் வேலைக்குச் செல்கிறார். கெட்டிப்பால் கலந்த தேநீரைக் குடித்துப் பசியை அடக்குகிறார். இரவில் வயிறு நிறையச் சோறுண்டு உடனே படுத்துவிடுகிறார். விட்டிருந்த சிகரெட்டும் மீண்டும் கைக்கு வந்துவிட்டது. இவரைச் சோம்பேறி என்று ஏசுதல் தகாது. நேரத்திற்கு உணவு வைத்தவரும் மருந்தை நினைவூட்டியவரும் மறைந்தபோது, அவரைச் சார்ந்திருந்த பழக்கங்களும் நின்றுவிட்டன. ஆகவே, அந்த நினைவூட்டலை இனி வேறோர் இடத்திலிருந்து பெறுதல் வேண்டும்.

முதலில் பரிசோதனை

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் தொடக்கத்தில் வலி தருவதில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். இந்தியரிடையே நீரிழிவு விகிதம் 31.4 விழுக்காடாக இருந்தது. எனவே, அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்க. வெறும் வயிற்றில் சர்க்கரை 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேலிருப்பினும், இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினும், மருத்துவர் சொற்படி நடத்தல் வேண்டும். சிகரெட்டை விடுவதற்கும் அங்கே உதவி கேட்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மையும் மனச்சோர்வும் நீடித்தால், அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தொடங்குக

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல்வோர் ஒரு வாரத்தில் களைத்துவிடுவர். நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு புதிய பழக்கம் ஒன்றை இணைத்துக்கொள்வதே எளிய வழி.

1. முகம் கழுவியதும் பசியாறுக. அதன்பின்னரே பெரட்டுக்குப் புறப்படுக.

2. தட்டை எடுத்ததும் பாதியளவு கீரை, காய்கறி, பழம் வைக்க. கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு. சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முறை இதுவே.

3. மாலையில் குளித்ததும் பாதங்களைப் பார்க்க. நீரிழிவுள்ளவருக்குச் சிறு புண்ணும் காலை இழக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லக்கூடும்.

4. காவல் வேலை, டிராக்டர் ஓட்டுதல் போன்று உட்கார்ந்தே பணி செய்வோர், தேநீருக்குப் பின் முப்பது நிமிடம் விரைந்து நடக்க. வாரத்தில் ஐந்து நாள் நடந்தால், உலகச் சுகாதார நிறுவனம் கூறும் 150 நிமிடம் நிறைவாகும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அது நிலைத்தபின் அடுத்ததற்குச் செல்லலாம்.

ஒரு நாள் தவறினால்?

லண்டனில் 96 பேரிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில், புதிய பழக்கம் படிவதற்குச் சிலருக்கு 18 நாளும், சிலருக்கு 254 நாளும் தேவைப்படும் எனக் கணக்கிடப்பட்டது. நடுவளவு 66 நாள். இடையே ஒரு நாள் தவறியதால் முயற்சி கெட்டுவிடவில்லை. ஆகவே, தீபாவளியன்று பலகாரம் கூடிவிட்டால் மனந்தளர வேண்டாம்; மறுநாளே தொடர்க.

நாம் கூறிய தொழிலாளர் நாளைக் காலை பசியாறிவிட்டுப் புறப்பட்டால், அதுவே நல்ல தொடக்கம். அண்டை வீட்டார் “பசியாறியாச்சா அண்ணே?” என்று ஒரு வார்த்தை கேட்டால், அவர் இழந்த நினைவூட்டலில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அப்படிக் கேட்கவேண்டியவர் உங்கள் லயத்திலும் இருக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள்.