குளிர்ந்த காலையில் பழைய டீசல் பிக்கப் வண்டி கிளம்பாமையும் காரணம் அறியும் முறையும்

நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி படியும் விடியற்காலைகளில் பழைய டீசல் பிக்கப் வண்டிகள் எளிதில் கிளம்புவதில்லை. காரட், முட்டைக்கோஸ் முதலியவற்றை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும் விவசாயிகளுக்கு இதனால் விளையும் நஷ்டம் சொற்பமன்று. சரக்கு பிந்திச் சேர்ந்தால் அன்றைய விலை கைதவறிப்போம். அவசரத்தில் பலர் பாட்டரியையும் ஹீட்டர் பிளக்குகளையும் ஒருங்கே மாற்றிப் பணம் செலவிட்டும், கோளாறு தீராதிருக்கக் காண்கின்றனர். உறுப்புக்களை மாற்றுமுன் காரணத்தை வரிசையாகத் தேடுவதே சிக்கனமான வழியாகும்.

இஞ்சின் கிளம்பும் விதம்

டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்களவாகச் சுருக்கும்போது அக்காற்று மிகுந்த உஷ்ணமடைகிறது. அவ்வுஷ்ணத்தில் நாசிலிலிருந்து சிதறும் டீசல் பற்றுகிறது. ஆதலால் போதிய வேகத்துடன் சுழற்சி, உஷ்ணம், காற்றுக் கலவாத டீசல், கசிவில்லாத சிலிண்டர் ஆகிய நான்கும் வேண்டும். உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே காற்று சமவெளியைவிட மெலிந்தும் குளிர்ந்தும் இருப்பதால், கோயமுத்தூரில் தெரியாத சிறு குறையும் அங்கே வெளிப்பட்டுவிடும்.

முதற்கண் புகையைக் கவனித்தல்

ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்ற, மற்றொருவர் சைலன்ஸர் முனையைப் பார்த்தல் வேண்டும். புகையே தோன்றாவிடில் சிலிண்டருக்கு டீசல் போய்ச் சேரவில்லை. டீசல் நாற்றத்துடன் வெண்புகை வந்தால், டீசல் சேர்ந்தும் எரியவில்லை என்பது பொருள். குறை உஷ்ணத்திலோ சுழற்சியிலோ சிலிண்டரின் அழுத்தத்திலோ உள்ளது. இவ்வொரு சோதனையே தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பாட்டரி

இரவு முழுதும் ஓய்ந்திருந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு அளவில் உள்ளது, 12.2 வோல்ட் எனில் பாதியளவே. உறைநிலைக் குளிரில் நல்ல பாட்டரியும் தன் வலிமையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இழக்கும். சுழற்றும்போது வோல்ட் பத்துக்கு மிகவும் கீழே இறங்கினால் பாட்டரியைச் சோதிக்கவேண்டும். வோல்ட் நிலைத்திருந்தும் இஞ்சின் மந்தமாகச் சுழன்றால், பாட்டரி முனைகளையும் எர்த் கம்பி சேருமிடத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குதல் வேண்டும். செலவில்லாத இவ்வேலையே பல வண்டிகளுக்குப் போதுமானதாகும்.

ஹீட்டர் பிளக்

பழைய இஞ்சின்களில் பெரும்பாலும் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் உண்டு. சாவியை ஹீட்டர் நிலையில் வைத்து, 12 வோல்ட் சோதனை விளக்கின் ஒரு முனையைப் பிளக்குகளை இணைக்கும் பட்டையிலும், மறு முனையை இஞ்சின் உடலிலும் தொடவேண்டும். விளக்கு எரியாவிடில் கோளாறு ரிலேயிலோ பியூஸிலோ கம்பியிலோ உள்ளது. பிளக்குகளை மாற்றுவதால் பயனில்லை. எரிந்தால், சாவியை அணைத்துப் பட்டையைக் கழற்றி, விளக்கின் ஒரு முனையைப் பாட்டரியின் பாஸிட்டிவ் முனையிலும் மறு முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்துப் பார்க்கவேண்டும். விளக்கை எரியவிடாத பிளக்கின் உட்கம்பி அறுந்துள்ளது. அதனை மட்டும் மாற்றினால் போதும்.

டீசல் குழாயில் காற்று

பகலில் உடனே கிளம்பும் வண்டி காலையில் மட்டும் நெடுநேரம் சுழன்றும் புகை காட்டாவிடில், குழாயில் காற்று புகுந்து, இரவில் டீசல் டாங்கிக்கே திரும்பியிருத்தல் கூடும். மறுநாள் காலை ஸ்டார்ட்டரைத் தொடுமுன், பில்டர் மேலுள்ள கைப்பம்பை அது கடினப்படும்வரை அழுத்துக. உடனே வண்டி கிளம்பினால் காரணம் அதுவே. வெடித்த ரப்பர் குழாய், பில்டர் வளையம், கிளிப்புகள் ஆகியவற்றைச் சோதித்து மாற்றவேண்டும். சில கசிவுகள் காற்றை உள்ளிழுக்குமேயன்றி டீசலை வெளிவிடா. ஆதலால் ஈரம் காணாமையால் கசிவில்லை என்று கொள்ளலாகாது. பில்டர் அடியில் தேங்கிய நீரையும் வடித்துவிடவேண்டும்.

சிலிண்டர் தேய்வு

மேற்கூறியவை யாவும் சரியாயிருந்தும் வெண்புகை வந்து, கிளம்பிய பின்னும் இஞ்சின் சூடேறும்வரை தடுமாறினால், வால்வு இடைவெளி, நாசில், சிலிண்டர் அழுத்தம் ஆகியவற்றைப் பட்டறையில் அளந்தறிதல் வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பலமாகப் பீறிடுவது பிஸ்டன் ரிங் தேய்வின் அடையாளமாகும்.

செய்யத்தகாதவை

ஹீட்டர் பிளக் உள்ள இஞ்சினில் ஈதர் தெளிக்கவே கூடாது. அது அகாலத்தில் வெடித்துப் பிஸ்டனையும் ரிங்குகளையும் உடைத்துவிடும். டாங்கியின் கீழ் நெருப்பு மூட்டுதல் உயிருக்கே அபாயம். மலைச் சரிவில் வண்டியை உருட்டிக் கிளப்பும் வழக்கமும் விலக்கத்தக்கது. இஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்குத் துணைசெய்யும் வாக்குவம் பம்பும் ஓடாது. பாரம் ஏற்றிய வண்டி இஞ்சின் கிளம்பாமலே வளைவை அடைந்தால் நிறுத்துவது அரிது. ஸ்டார்ட்டரையும் ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் சுழற்றாமல், இடையே ஒரு நிமிஷம் ஓய்வு கொடுத்தல் நலம்.

பனி தொடங்குமுன், ஐப்பசி, கார்த்திகையிலேயே இச்சோதனைகளைச் செய்து முடிப்பது உத்தமம். ஒரு சோதனை விளக்கும் வோல்ட் மீட்டரும் கிராமத்தில் ஒருவரிடம் இருந்தாலும் பலருக்கும் உதவும். இதில் கிராம அதிகாரிகள் சிரத்தை எடுத்துக்கொண்டால், அறுவடை நாளில் காய்கறி மூட்டைகள் வண்டியிலேயே தங்கிவிடும் கஷ்டம் பெரிதும் குறையும்.